ஒரு கதவை மூடாமல் மறுகதவைத் திறக்காதவர்

அவர் வீட்டுக்கு முதன்முதலாகப் போன எல்லாரும் கொஞ்ச நேரமாவது இருட்டில் நின்றிருப்பார்கள். நானும் நின்றேன். தெருக்கதவைத் திறந்து என்னை உள்ளே விட்டார். விட்ட கையோடு அதைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். எதிரே இன்னொரு கதவு. அதை உடனே திறக்கவில்லை. இரண்டு கதவுக்கும் நடுவே ஆள் படுக்கக்கூட இடம் கிடையாது, ஜன்னலும் கிடையாது. என் உப்பளத்தில் ஆயில் இன்ஜின் நின்றுபோய், பாத்திகள் தண்ணீர் இல்லாமல் காய்கிற அவசரம் எனக்கு. ஓடி வந்ததில் மூச்சு இரைத்தது.

"அண்ணாச்சி, இன்ஜின் நின்னு போச்சு" என்றேன்.

"அது நின்னா நிக்கட்டும். மொதல்ல உம்ம மூச்சு எறங்கட்டும்" என்றார்.

இறங்கிய பிறகுதான் உள்கதவு திறந்தது.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. பிள்ளைகள் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சங்கடம். ஊரில் எல்லாருக்கும் அவர் கதவு அண்ணாச்சி. கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கர். இருபது வருடம் கப்பல் இன்ஜின் ரூமில் எண்ணெய் போட்டவர். கப்பலை விட்டு இறங்கியபின் தூத்துக்குடியில் இன்ஜின், பம்பு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்கிற காலம் எழுபதுகள். புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிய லாரிகள் ரோட்டையெல்லாம் பள்ளமாக்கிய சமயம்.

என்னைப் பற்றியும் இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொன்னால் குறைத்துச் சொல்லிவிடுவார்கள். ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். அடுத்தவன் அளத்தில் உப்பு வாரியவன், முப்பத்திரண்டு வயதில் சொந்தமாக அளம் எடுத்தவன். இந்தக் கரையில் என்னைக் கேட்காமல் மழைகூடப் பெய்யாது என்று சொல்லுவார்கள். அப்படிச் சொல்பவர்களில் நானும் ஒருவன்.

கதவு அண்ணாச்சிக்கு ஒரே ஒரு கொள்கைதான். ஒன்றை மூடாமல் இன்னொன்றைத் திறக்கக் கூடாது. வீட்டுக் கதவு மட்டுமில்லை. என் வீட்டில் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தார். குழம்புச் சோறு இலையில் ஒரு பருக்கை இருக்கும்வரை ரசத்தை ஊற்ற விடவில்லை. என் மனைவி ரசச் சட்டியோடு நின்று நின்று, கடைசியில் சட்டியைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தே விட்டாள். சண்டை தீர்த்து வைக்க யாரும் அவரைக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால், மூன்று வருடத்துக்கு முந்தின சண்டை முடிந்ததா என்று கேட்பார். அது முடியாமல் இன்றைய சண்டைக்கு வரமாட்டார். இப்படி ஒரு தடவை வேலித் தகராறுக்கு வந்தவர், இறந்துபோன தாத்தாக்கள் போட்ட தகராறுவரை போய்விட்டார். வந்திருந்த இரண்டு கட்சிக்காரர்களும் ஒன்றுசேர்ந்து அவரிடமிருந்து தப்பித்துப் போனார்கள்.

அவர் மனைவி ஒரு வார்த்தை சொல்லுவார், சொல்லும்போது முகத்தில் சிரிப்பே இருக்காது. "எங்க கல்யாணத்தன்னைக்கு கோயில் பெரிய கதவச் சாத்துனாத்தான் பீடத்துக்கு வருவேன்னுட்டாரு. சாத்துனாங்க. எங்க அம்மை வெளிய நின்னுட்டா. தாலி கெட்டுறத அவ பாக்கவே இல்ல."

இந்தக் கொள்கை அவருக்கு எங்கே பிடித்தது என்று எனக்குத் தெரியும். பனாமா கால்வாயில். என் அளத்து இன்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டே அவர் அதைச் சொன்னபோது, கப்பல் மலை ஏறியது என்று ஆரம்பித்தார். நான் சிரித்தேன். அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். சிரிப்பு முடிகிறவரை தொடரவில்லை.

கப்பல் நிஜமாகவே ஏறுமாம். ஒரு பக்கம் கடல், நடுவே மேட்டில் ஏரி. ஏரிக்குப் போக மூன்று பெரிய தொட்டிகள், வீட்டுப் படி மாதிரி ஒன்றுக்கு மேல் ஒன்று. கப்பல் கீழ்த்தொட்டிக்குள் போனதும் பின்கதவு மூடும். மேலேயிருந்து தண்ணீர் இறங்கி வரும், கப்பல் மிதந்தபடி உயரும். மேல்தொட்டித் தண்ணீரும் இதுவும் ஒரே மட்டம் ஆனதும் நடுக்கதவு திறக்கும். கப்பல் அடுத்த படிக்குப் போகும். எண்ணெய்க் கையோடு டெக்கில் வந்து நின்று பார்த்தாராம். ஆயிரம் ஆனை கனம் இருக்கிற கப்பலைத் தூக்குவதற்கு அங்கே ஒரு இன்ஜினும் இல்லை, தண்ணீர்தான் தூக்குகிறது என்று புரிந்தபோது முட்டி போட்டுவிட்டாராம்.

பிற்பாடு கப்பல் பழுதாகி ஐரோப்பாவில் ஒரு துறைமுகத்தில் மூன்று மாதம் கிடந்தபோது, பக்கத்துக் கால்வாயில் கரிப்படகுகள் இதே மாதிரி படியேறுவதைப் போய்ப் போய்ப் பார்த்திருக்கிறார். அங்கே கதவு காக்கும் கிழவன் ஒருவன் கைஜாடையிலேயே பழைய கதையெல்லாம் சொல்லியிருக்கிறான். ஆதிகாலத்தில் ஆற்றுக்குக் குறுக்கே ஒற்றைக் கதவுதானாம். திறந்தால் வெள்ளம் பாயும், படகும் கூடவே பாயும், பாதிப் படகு உடையும். இரண்டு கதவு வைத்து நடுவில் படகை நிறுத்தினால் உடையாது என்று முதலில் கண்டுபிடித்தது சீனாக்காரனாம். அதற்குப் பிறகு ஒருத்தன், கதவை ஒரே பலகையாகச் செய்யாமல் இரண்டு சிறகாகச் செய்து, கும்பிடுகிற கை மாதிரி நடுவில் சேர்த்து, அந்தக் கை முனை மேல்தண்ணீரைப் பார்க்கும்படி வைத்தான். தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு இறுக்கமாகக் கதவு மூடிக்கொள்ளும். நமக்கு எதிரியாக இருந்த தண்ணீரையே காவல்காரனாக்கிவிட்டான் என்று சொல்லும்போது அண்ணாச்சிக்குக் கண் கலங்கும். சொந்த மாமனார் செத்ததற்குக் கலங்காத கண் அது.

இதெல்லாம் கேட்க நன்றாக இருந்தது. எனக்கு இது பிரயோஜனப்படும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

அந்த வருடம் ஆவணியில் பக்கத்து அளத்துக்காரர் என் வழியை அடைத்தார். என் அளத்திலிருந்து ரோட்டுக்குப் போக அவர் வரப்பு ஒன்றுதான் பாதை. அதில் முள்ளை வெட்டிப் போட்டுவிட்டார். காரணம் எல்லாருக்கும் தெரியும். புரட்டாசியில் கொச்சிக்குப் போகிற தோணி ஒன்றுக்கு உப்புக் கொடுக்க நான் வாக்குக் கொடுத்திருந்தேன். என் முதல் சொந்த வியாபாரம். என் உப்பு தோணிக்குப் போகாவிட்டால் தண்டல், அதாவது தோணியின் தலைவர், அவர் உப்பை ஏற்றிக்கொள்வார். என் உப்பு அம்பாரம் ஐப்பசி மழையில் கரைந்து ஓடும். நான் மறுபடி அடுத்தவன் அளத்தில் உப்பு வாரப் போவேன்.

எனக்கு மிஞ்சியது ஒரு பழைய வாய்க்கால். என் அளத்திலிருந்து தோணி நிற்கிற ஓடைவரைக்கும் போகும், வள்ளம் என்கிற சின்னப் படகு ஓடுகிற அகலம். ஆனால் வாய்க்கால் மேட்டில், ஓடை ஆறடி பள்ளத்தில். ஓடைக்கரையில் வாய்க்கால் மொட்டையாக நின்றுவிடும்.

அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு போய் அந்த இடத்தைக் காட்டினேன். பார்த்தார். உட்கார்ந்தார். "ரெண்டு படி போதும்" என்றார்.

என் அளத்தில் உப்பு வாரும் பெண்களுக்குத் தலைவி கனியக்கா. அவள் பின்னாலேயே வந்திருந்தாள். "மேல ஒரு வள்ளம், கீழ ஒரு வள்ளம் போட்டு, நடுவுல மூட்டைய மாத்துனா என்ன மொதலாளி?" என்று கேட்டாள். நாங்கள் இருவரும் அதைக் காதில் வாங்கவில்லை.

படித்தொட்டி என்று அவரே பேர் வைத்தார். உடைத்த தோணி ஒன்றின் பலகைகளை வாங்கினோம். தோணி கட்டுகிற ஆசாரி வந்து கதவு செய்தார். பலகை இடுக்கில் பஞ்சும் கீலும் திணித்து, தோணிக்கு அடிக்கிற மாதிரியே கலப்பத்து அடித்தார். கரை முழுக்கக் களிமண். இரண்டு தொட்டிக்கு மூன்று கதவு. தனித்தனியாகக் கட்டினால் நாலு கதவு வேண்டும், ஒட்டிக் கட்டியதால் மேல்தொட்டியின் வெளிக்கதவே கீழ்த்தொட்டிக்கு உள்கதவு. ஒவ்வொரு கதவிலும் அடியில் ஒரு சின்ன மதகு, அதை மூட ஒரு பலகை, பலகையைத் திருகித் தூக்க ஒரு இரும்புச் சாவி. அண்ணாச்சி சாவி ஒன்றே ஒன்றுதான் செய்தார். இரண்டு செய்தால் இரண்டு மதகு ஒரே நேரத்தில் திறக்கும் என்றார்.

தண்ணீர் விட்ட அன்றைக்கு ஒரு வேடிக்கை செய்தார். மேலே தண்ணீர், கீழே பள்ளம் என்று இருக்கும்போது பத்துப் பெண்களை விட்டுக் கதவைத் தள்ளச் சொன்னார். அசையவில்லை. மதகைத் திறந்து இரண்டு பக்கமும் மட்டமாக விட்டார். கனியக்காவை மட்டும் கூப்பிட்டார். அவள் இடுப்பால் ஒரு இடி இடித்தாள். கதவு வழிவிட்டது. அன்று முழுக்க அவள் அதைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

ஆனால் படித்தொட்டிக்கு ஒரு ஒழுங்கு உண்டு. அதை அவர் மூன்று மண்ணெண்ணெய் டின்னையும் ஒரு சிரட்டையையும் வைத்து எனக்குக் காட்டினார். வள்ளம் மேலிருந்து கீழே இறங்கும்போது மேல்தொட்டி நிறைந்திருக்க வேண்டும், கீழ்த்தொட்டி காலியாக, ஓடை மட்டத்தில் கிடக்க வேண்டும். மேல்தொட்டித் தண்ணீர் கீழ்த்தொட்டியில்தான் இறங்கியாக வேண்டும், அதற்குப் போக வேறு இடம் கிடையாது. அங்கே ஏற்கெனவே தண்ணீர் இருந்தால்? டின்னில் ஊற்றிக் காட்டினார். என் வேட்டி நனைந்தது. புரிந்துவிட்டது என்றேன். மறுபடி சொல்லும் என்றார். மூன்று தடவை சொன்னேன். என் மூளையைப் பற்றி அவருக்கு அப்போதே ஒரு அபிப்பிராயம் இருந்திருக்கிறது.

அந்தப் படித்தொட்டி இரண்டு வருடம் வேலை செய்தது. பிறகு பாதை வழக்கு எனக்குச் சாதகமாக முடிந்து வண்டி ஓட ஆரம்பித்ததும் பலகையைப் பிரித்துவிட்டோம். பெரிய பெரிய இன்ஜினியர்கள் வந்து பார்த்து வாயைப் பிளந்தார்கள் என்று நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். வந்தது ஒருவர்தான், அவரும் வழி தப்பி வந்தவர். அண்ணாச்சி அதற்கு நாலைந்து வருடம் கழித்துத் தூக்கத்திலேயே போய்விட்டார். நான் போனபோது வீட்டில் இரண்டு கதவும் அகலத் திறந்து கிடந்தன. கூட்டம். அவர் மனைவி என்னைப் பார்த்ததும், "ஒருத்தராவது சாத்துங்கய்யா, அவருக்குப் பிடிக்காது" என்றார். நான்தான் சாத்தினேன்.

இப்போது படித்தொட்டியில் முதல் வள்ளம் விட்ட நாளைச் சொல்லிவிட வேண்டும். இதுவரை எழுத்தில் நான் சொன்னதில்லை.

தோணி வந்து ஓடை வாயில் நின்றது. தண்டல் ஒரு பேச்சுச் சொன்னார். நாளை வற்றத்துக்கு முன்னால், அதாவது ஓடையில் தண்ணீர் இறங்குவதற்குள், என் முதல் வள்ளம் தோணியைத் தொட்டால் மீதி உப்புக்குக் காத்திருப்பார். தொடாவிட்டால் பக்கத்து அளத்து உப்பு. பக்கத்து அளத்துக்காரர் அப்போதே மாட்டு வண்டிகளில் மூட்டையை ஏற்றி வரிசையாக நிறுத்திவிட்டார்.

நான் நாலு பெரிய மனிதர்களை அழைத்திருந்தேன். காலையில் எல்லாருக்கும் முன்னால் போய்ப் பார்த்தேன். மேல்தொட்டி நிறைந்து அழகாக இருந்தது. கீழ்த்தொட்டி சுவரெல்லாம் சேறு தெரிய, அடியில் கலங்கல் தண்ணீரோடு, பல் போன வாய் மாதிரி கிடந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. நிறைகுடம் வைக்காத நல்ல காரியம் உண்டா? வெறுங்குடத்தோடு ஒருத்தி எதிரே வந்தால் திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிற ஊர் இது. அவர் சொன்ன ஒழுங்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. நல்ல நாளில் அதெல்லாம் சரியாக வந்துவிடும் என்று நினைத்தேன். மேல்கதவில் தொங்கிய சாவியை எடுத்து மேல்தொட்டித் தண்ணீரைக் கீழே திறந்துவிட்டு, இன்ஜினை ஓட்டி மேல்தொட்டியையும் மறுபடி நிறைத்து, சாவியை இருந்த இடத்திலேயே மாட்டினேன். கீழ்த்தொட்டி விளிம்பு தட்டி நின்றது. அதன் மேல் இரண்டு கூடை செவ்வந்திப்பூவைத் தூவினேன். நடுக்கதவின் இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழைமரம் கட்டினேன். கனியக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றாள். "அண்ணாச்சி காலியா கெடக்கணும்னாரே" என்றாள். உப்பை வாரு என்று அனுப்பிவிட்டேன்.

அண்ணாச்சி கோயில் பூசை முடிந்து வந்தார். நேராக மேல்கதவுக்குப் போய் வள்ளத்தை உள்ளே விடுவதில் முனைந்துவிட்டார். நாற்பது மூட்டை ஏற்றிய வள்ளம் ஒரு மறைப்பு, என் வாழைமரம் ஒரு மறைப்பு. கீழ்த்தொட்டி அவர் கண்ணில் படவே இல்லை. மேல்கதவை மூடிவிட்டு அங்கிருந்தே கேட்டார், "கீழ்த்தொட்டியப் பாத்தீரா?"

"பாத்தாச்சு அண்ணாச்சி. அம்சமா இருக்கு" என்றேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

சாவியைக் கொடுத்து அனுப்பினார். நடுமதகைத் திறக்கும் கௌரவம் எனக்கு. திருகினேன்.

முதலில் பூ நகர்ந்தது. பெரிய மனிதர்கள் கை தட்டினார்கள். அப்புறம் பூ கரை ஏறியது. கரையைத் தாண்டி, வரிசையாக, பக்கத்து அளத்துக்காரர் குடை பிடித்து நின்ற இடத்துக்கே போய் அவர் காலைச் சுற்றியது. அதற்குப் பின்னால் தண்ணீர் வந்தது. நாலு பெரிய மனிதர்களும் ஒரே நேரத்தில் வேட்டியை மடித்துக் கட்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான். களிமண் கரை ஓரிடத்தில் கரைந்து, இரண்டு முழ அகலத்துக்கு உடைப்பு எடுத்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் தொட்டியே போய்விடும். அண்ணாச்சி ஓடி வந்து என் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிப் பலகையை இறக்கினார். கனியக்கா வேறொன்றும் யோசிக்கவில்லை. ஒரு வெறுஞ்சாக்கை மடித்து உடைப்பில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கரை அவள் உட்கார்ந்த இடத்தில் நின்றது.

வள்ளம் மேல்தொட்டியில் பாதி இறங்கி, பாதியில் தொங்கிக் கிடந்தது.

"கீழ்மதகத் தொறந்து இந்தத் தண்ணிய ஓடையில விடும் அண்ணாச்சி. நேரம் போவுது" என்றேன்.

அவர் கதவுக்கட்டையில் உட்கார்ந்தார். சாவியை மடியில் வைத்துக்கொண்டார். "யாரு நெறச்சது?" என்று கேட்டார்.

ஓடையில் வெள்ளம் ஏறிக் கதவு வழியாக உள்ளே வந்திருக்கும் என்றேன். அது இல்லை என்றார். நடுக்கதவு ஒழுகியிருக்கும் என்றேன். அது இல்லை. ஆசாரியின் கலப்பத்தைக் குறை சொன்னேன். ஆசாரி அங்கேதான் நின்றார், அவர் கை கொட்டாப்புளிக்கு, அதாவது மரச்சுத்தியலுக்கு, போனது. இன்ஜின் தானாக ஓடியிருக்குமோ என்றுகூட ஒரு சந்தேகத்தைக் கிளப்பினேன். அண்ணாச்சி ஒவ்வொன்றையும் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமையை என்னால் பொறுக்க முடியவில்லை. ஓடையில் தண்ணீர் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. கரையோரச் சிப்பியெல்லாம் வெளியே வந்துவிட்டது. அந்தப் பக்கம் முதல் மாட்டு வண்டி கிளம்பிவிட்டது.

"சாவியக் குடும். என் உப்பு, என் தொட்டி" என்றேன்.

"உம்ம தொட்டிதான். ஆனா நீரு இத மூடாம அடுத்த வள்ளத்துக்குப் போனா, அதுக்கும் பூப் போடுவீரு. எத்தன கரைக்கு நான் மண்ணு அடைக்க? சொல்லும். நெறச்சது யாரு?"

அவருக்குத் தெரியும். பெண்களுக்குத் தெரியும். ஆசாரிக்குத் தெரியும். அண்ணாச்சியின் கோயிலில் பாவசங்கீர்த்தனம் என்று உண்டு, செய்த தப்பைச் சாமியாரிடம் தனியாகப் போய் மெதுவாகச் சொல்லலாம். எனக்கு அந்த வசதியும் இல்லை. தப்பு என் மேல் என்று பிறந்ததிலிருந்து நான் சொன்னதில்லை. ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டதே அந்த ஒரு வார்த்தையை வாத்தியார் கேட்டதால்தான்.

உடைப்பிலிருந்து கனியக்கா சொன்னாள்: "மொதலாளி, நண்டு கடிக்கி. சட்டுனு சொல்லுங்க, நான் எந்திரிக்கணும்."

"நான்தான்" என்றேன்.

அண்ணாச்சி பெண்கள் பக்கம் கையைக் காட்டினார். "அவங்களுக்கும் கேக்கட்டும். நாளைக்கி இந்த மதகத் தொறக்கப் போறது அவங்கதான்."

"கீழ்த்தொட்டிய நெறச்சது நான்தான்" என்று கத்தினேன். பக்கத்து அளத்துக்காரருக்கும் கேட்டிருக்கும். ஓடையில் நின்ற கொக்கு ஒன்று பறந்தது.

அவர் எழுந்தார். அதைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றும் இல்லை, சாகிறவரையும் இல்லை. கீழ்மதகைத் திறந்தார். பூவெல்லாம் சுழன்று ஓடைக்குப் போனது. தொட்டி காலியானதும் கனியக்கா எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டு உடைப்பில் மண் அடைத்தாள். அண்ணாச்சி கீழ்மதகை மூடினார். நடுமதகைத் திறந்தார். வள்ளம் இறங்கியது. மட்டம் ஆகிறவரை நாங்கள் எல்லாரும் மூச்சை அடக்கி நின்றோம். கனியக்கா இடுப்பால் இடித்தாள். பிறகு அடுத்த தொட்டி, அடுத்த கதவு. வள்ளம் ஓடையில் இறங்கியபோது அடிப்பலகை மணலில் உரசியது. பத்துப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தள்ளினார்கள். நானும் தள்ளினேன். மாட்டு வண்டி மணலில் வருகிற சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது.

வள்ளத்தின் மூக்கு தோணியை இடித்தது. நான் நனைந்து நடுங்கி, அண்ணாந்து பார்த்தேன். மேலே தண்டல், கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு எட்டிப் பார்த்தார்.

"வாங்க மொதலாளி. சாப்பிட்டாச்சா?" என்று என்னைக் கேட்டார்.

"கீழ்த்தொட்டிய நெறச்சது நான்தான்" என்றேன்.